தெவ் ஒன்று, திவ் பல: ஒரு புனைமொழிக்கு ஒலி அமைத்த பதிவு

நான் உருவாக்கிவரும் மொழிக்குத் திலோ என்று பெயர். அதில் கல்லைத் ‘தெவ்’ என்பார்கள். கற்களைத் ‘திவ்’ என்பார்கள். எகரம் இப்படி இகரமாக மாற வேண்டும் என்று நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது. அப்படி விழ வைப்பதற்கு எட்டு மாதம் பிடித்தது. அகராதியை மூன்று முறை அழித்து எழுதினேன். அந்த வேலையை, செய்த தவறுகளோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். புனைமொழி செய்ய உட்காருகிற யாரும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுவார்கள் என்பது என் எண்ணம்.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தமிழ்ப் புணர்ச்சி விதிகளின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. வீடு வீட்டை ஆகிறது, ஆறு ஆற்றை ஆகிறது, மரம் மரத்தை ஆகிறது, முள்ளும் செடியும் சேர்ந்தால் முட்செடி. இதுபோல என் மொழியிலும் சொல் உருமாற வேண்டும் என்று, கிட்டத்தட்ட அறுபது விதிகளை எக்செல்லில் எழுதினேன். இந்த ஒலியில் முடிந்தால் அது இரட்டிக்கும், அந்த ஒலியில் முடிந்தால் இது கெடும் என்று வரிசையாக. ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எனக்கே எதுவும் நினைவில் இல்லை. விதிகளுக்குள் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. வீட்டை, ஆற்றை, காட்டை, சோற்றை என்று தமிழில் வருவதைக் கேட்டால் ஒரே கை செய்த வேலை மாதிரி இருக்கும். என்னுடையது அறுபது பேர் ஆளுக்கொரு விதி எழுதிப் போட்டது மாதிரி இருந்தது.

சொல் மாறவே கூடாது என்பதும் ஒரு நல்ல குறிக்கோள்தான். 1887-இல் சாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோவில் பெயர்ச்சொல் எல்லாம் ஓ-வில் முடியும், பன்மைக்கு ய், செயப்படுபொருளுக்கு ன். வேர் அசையாது. யாரும் சீக்கிரம் கற்கவேண்டும் என்று செய்த மொழிக்கு அது பொருத்தம். எனக்கு வேண்டியது வேறு. பல நூறு ஆண்டு பேசித் தேய்ந்த மொழி மாதிரி திலோ ஒலிக்க வேண்டும். எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாருக்காக உருவாக்கிய சிண்டாரின் மொழிக்கு அதைத்தான் செய்தார். அதில் மனிதன் ‘அடன்’, மனிதர் ‘எடைன்’. அவர் முதலில் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு, ஒலிமாற்றங்களை அதன்மேல் செலுத்திப் புதிய வடிவத்தை எடுத்தார். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கே அறுபது விதிகளையும் தூக்கி எறிந்தேன். மாறிய வடிவத்தை எழுதக் கூடாது. மாறாத பழைய வடிவத்தை எழுதி, அதைத் தேய்க்க வேண்டும்.

தாய்நிலை

பழைய நிலைக்குத் தாய்நிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதற்கு ஒலி தேர்ந்தெடுக்கும்போது ஆசையை அடக்குவதுதான் பெரிய வேலை. முதல் பட்டியலில் ழ், ற், ண் எல்லாம் இருந்தன, அழகாக இருக்கிறதே என்று. பிறகு யோசித்தேன். ஓர் ஒலி தனியாக நின்றால் விதியில் அதற்கு வேலை இருக்காது. ஒலிகள் கூட்டமாகத்தான் நகரும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நம் இலக்கணம் பிரித்திருப்பதே அதற்காகத்தான். ‘வல்லினம் மிகும்’ என்று ஒரே சொல்லில் விதி சொல்ல முடிவது, அவை ஒரு கூட்டமாக நடந்துகொள்வதால். வேண்டுமென்றே கூட்டத்தைக் குலைக்கவும் செய்யலாம். 1984-இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட் கிளிங்கன் மொழியை அமைத்தபோது, நாக்கை மடித்துச் சொல்லும் டகரத்தைக் குரல் கலந்த (தொண்டை அதிரும்) ஒலியாக மட்டும் வைத்து, அதன் குரலற்ற இணையை விட்டுவிட்டார். வேற்றுக்கிரகத்தார் மொழி மனித மொழி போல ஒலிக்கக் கூடாது என்பதே நோக்கம். என் திலோ மனிதர் மொழி. ஆகவே மிஞ்சியது பத்து மெய்: ப், த், க், ம், ன், ஸ், ல், ர், வ், ய். உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. எல்லாம் குறில். நெடிலே கிடையாது. (சொல்லின் முதலில் ன் வந்தால் தமிழ் வழக்கப்படி ந என்று எழுதுகிறேன். ஒலி ஒன்றேதான்.)

வேர்கள் மெய்யில் முடியும். ஒருமைக்கு அ, பன்மைக்கு இ. செயப்படுபொருளாக வந்தால் அதற்கும் பின்னால் த. அவ்வளவுதான் தாய்நிலை இலக்கணம். கல்லுக்கு வேர் திப்: திப, திபி, திபத, திபித. எஸ்பெராந்தோ அளவுக்கு ஒழுங்காக இருக்கிறதல்லவா? இனி இதைத் தேய்க்க வேண்டும்.

தேய்க்கும் விதிகள்

நான்கே விதி வைத்துத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு மொழியில் உண்மையிலேயே நடந்ததாக இருக்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்ட நிபந்தனை.

முதல் விதி, உயிர் இறங்குதல். அடுத்த அசையில் அ இருந்தால் இ என்பது எ ஆகும், உ என்பது ஒ ஆகும். இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை, நம் பேச்சே சாட்சி. இலை ‘எலை’ ஆகிறது, இடம் ‘எடம்’, குடம் ‘கொடம்’, உடம்பு ‘ஒடம்பு’. பின்னால் வரப்போகும் அகரத்துக்கோ ஐகாரத்துக்கோ வாய் முன்கூட்டியே திறந்துகொள்கிறது. இங்கே ஒன்றைக் கவனித்தேன். குடம் கொடம் ஆகிறது, ஆனால் குப்பை ‘கொப்பை’ ஆவதில்லை. பிச்சை ‘பெச்சை’ ஆவதில்லை. நடுவில் இரட்டை மெய் வந்தால் தமிழில் இந்த விதி நின்றுவிடுகிறது. திலோவில் இரட்டையையும் தாண்டிப் போகட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது, மெலிதல். இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக நிற்கும் ப் என்பது வ் ஆகும், த் என்பது ர் ஆகும், க் என்பது ஹ் ஆகும். நாம் பகல் என்று எழுதிச் சொல்லும்போது ககரம் ஏறக்குறைய ஹகரமாகத்தான் வருகிறது. த் ர் ஆவது புதிதாகத் தோன்றலாம். ‘வாட்டர்’ என்பதை அமெரிக்கர்கள் சொல்லும்போது நடுவில் இருப்பது ரகரம் போல நம் காதில் விழுகிறதே, அதுதான்.

மூன்றாவது, சொல்லின் ஈற்றுயிர் கெடுதல். சமஸ்கிருதத்தின் ‘ராம’ இந்தியில் ‘ராம்’ ஆனது போல.

நான்காவது, ஹ் மறைந்து முன்னால் இருக்கும் உயிர் நீளுதல். இதற்கும் தமிழே போதும். பகுதி பாதி ஆயிற்று, மிகுதி மீதி ஆயிற்று, அகப்பை ஆப்பை ஆயிற்று. நடுவில் இருந்த ககரம் போனது. இரண்டு உயிர் மோதியதில் முதல் உயிர் வென்று நீண்டது. என் நான்காம் விதியைப் பாதி, மீதி, ஆப்பை என்ற மூன்று சொல்லிலிருந்துதான் எழுதினேன். திலோவுக்கு நெடில் கிடைத்ததும் இந்த வழியில்தான்.

விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்று பள்ளியில் படித்தது எவ்வளவு சரியான வகைப்பாடு என்பது இந்த நாட்களில் புரிந்தது. முதல் இரண்டு விதியும் திரிதல். மற்ற இரண்டும் கெடுதல். தோன்றலுக்கு அப்போது இடமே வரவில்லை. பிறகு வந்தது.

நிரல் எழுதப்போய்

நூற்றெண்பது வேர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம். கையால் முடியாது. பைதான் என்ற கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, தமிழ் எழுத்திலேயே உள்ளீடு கொடுத்து ஓட்டினேன். முதல் விதி ஒரு சொல்லில்கூட வேலை செய்யவில்லை. மூன்றாம் விதி வேறொரு கூத்து: ‘திவி’ என்பதன் ஈற்றுயிரை வெட்டச் சொன்னால் ‘திவ்’ வராமல் ‘திவ’ வருகிறது.

அன்று இரவு வெகுநேரம் விதியையே திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன். பிழை விதியில் இல்லை. கணினிக்குள் ‘தி’ என்பது இரண்டு குறி: த, அதன் மேல் இகரக் குறி. ஆனால் ‘த’ ஒரே குறி. அதற்குள் இருக்கும் அகரத்துக்குத் தனிக் குறியே கிடையாது. அடுத்த அசையில் அ இருக்கிறதா என்று நிரலைத் தேடச் சொன்னால், எழுத்தில் இல்லாத ஒன்றை அது எங்கே போய்த் தேடும்? அதே காரணத்தால்தான் இகரக் குறியை வெட்டியதும் அடியில் இருந்த அகரம் தலை காட்டியது. கணினியில் புள்ளி என்பது கூடுதலாகச் சேர்க்கும் ஒரு குறி. நம் இலக்கணத்திலோ புள்ளி வைத்த மெய்தான் அடிப்படை, ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்ற நன்னூல் வரி சொல்வதும் அதுதான். நிரலையும் அந்த வரிப்படியே மாற்றினேன். எந்தச் சொல் வந்தாலும் முதலில் உடலும் உயிருமாகப் பிரி: திப என்றால் த், இ, ப், அ. விதிகளை இந்தப் பட்டியலின் மேல் ஓட்டு. கடைசியில் மறுபடி ஒட்டி உயிர்மெய்யாக்கு. நாற்பது வரிக்குள் முடிந்தது.

பிறகும் சில சொல் மட்டும் அடம்பிடித்தன. எல்லாமே ஒகரம் உள்ளவை. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ‘மொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். என் கோப்பில் இரண்டும் கலந்து கிடந்தன. பைதானில் யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற வசதி இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் அதன் வழியாக அனுப்பியதும் சரியாயிற்று. தமிழ் எழுத்தில் இப்படி ஏதாவது நிரல் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

திரையில் முதல் முறையாகச் சரியான வடிவங்கள் வந்த நேரம் இன்னும் நினைவிருக்கிறது.

திப – தெப – தெவ – தெவ்
திபி – திபி – திவி – திவ்
திபத – தெபத – தெவர – தெவர்
திபித – திபெத – திவெர – திவெர்

‘தெவ்’ என்று பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. பழந்தமிழில் வகர மெய்யில் முடியும் சொற்கள் நான்குதான்: அவ், இவ், உவ், தெவ். கடைசிச் சொல்லுக்குப் பகை என்று பொருள். நான் தேடாமலே அது என் விதிகளின் மறுமுனையில் வந்து நின்றது. பொருளுக்கும் என் கல்லுக்கும் தொடர்பில்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தச் சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

தெவ், திவ் என்று உயிர் மட்டும் மாறிப் பன்மை காட்டுவது புனைந்த விந்தை இல்லை. ஆங்கிலத்தில் பாதம் ‘ஃபுட்’, பாதங்கள் ‘ஃபீட்’ என்று இருப்பதும் இப்படி வந்ததுதான். பழைய பன்மையில் பின்னால் ஓர் இகரம் இருந்தது. அது முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, பிறகு தானே உதிர்ந்தது. என் மொழியில் இழுத்தது ஒருமையின் அகரம். அதுவும் உதிர்ந்துவிட்டது. போனவன் வைத்துவிட்டுப் போன தடம்தான் இன்று இலக்கணம்.

மரத்துக்கு வேர் லுக். லுக, லொக, லொஹ, லொஹ், லோ. பன்மை லூ. செயப்படுபொருளில் லோர், லூர். மொழியின் பெயரும் இப்படித்தான் வந்தது: பேச்சு என்ற பொருளில் திலுக, அது தேய்ந்து திலோ.

பறவையும் கதவும்

இரட்டை வல்லினத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பறவைக்கு வேர் முக்க், கதவுக்கு வேர் முக். இரட்டித்த மெய்கள் ஒற்றையாகத் தேயட்டும் என்று ஐந்தாவதாக ஒரு விதி எழுதினேன். நிரலில் அதை முதல் இடத்தில் செருகிவிட்டேன். எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது முக்கியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தால் பறவையும் மோ, கதவும் மோ. முக்க முதலில் முக ஆகி, அந்தக் ககரம் மெலிந்து, ஹ் ஆகி மறைந்தும் போயிருந்தது. அகராதி முழுக்க இரட்டை உள்ள வேர் எல்லாம் ஒற்றை வேரோடு கலந்து கிடந்தது.

விதியை ஒரு வரி கீழே இறக்கினேன், மெலிதலுக்குப் பிறகு. இப்போது ஒற்றைக் ககரம் மெலிந்து இடத்தைக் காலி செய்த பிறகுதான் இரட்டைக் ககரம் ஒற்றையாகிறது. பறவை மொக், கதவு மோ. விதிகள் அதே ஐந்துதான். வரிசை மாறியதில் மொழி மாறிவிட்டது. லத்தீனிலிருந்து ஸ்பானியம் வந்தபோதும் இந்த வரிசைதான் நடந்தது. ஓநாய் என்ற பொருளுடைய ‘லுபுஸ்’, ஸ்பானியத்தில் ‘லோபோ’ ஆகி நடுப் பகரம் குரல் கலந்து மெலிந்தது. கோப்பையைக் குறித்த ‘குப்பா’, ‘கோபா’ ஆகி இரட்டைப் பகரம் ஒற்றை வல்லொலியாக நின்றது. தமிழில் எழுதினால் இரண்டு பகரமும் ஒன்றுபோலத் தெரியும். ஸ்பானியர் காதில் அவை வேறு வேறு ஒலி.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோதே எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. முப்பது சொல்லைப் போனில் பேசிப் பதிந்து, மறுநாள் தாளைப் பார்க்காமல் காதால் கேட்டு எழுதிப் பார்த்தேன். பறவையின் செயப்படுபொருள் வடிவம் அப்போது ‘மொகர்’. நடுவில் இருப்பது வன்மையான ஒற்றைக் ககரம். நானோ ‘மொஹர்’ என்று சொல்லியிருந்தேன். இன்னொரு முறை, மூன்றாம் முறை கவனமாகச் சொல்லியும் வாய் நழுவியது. இரண்டு உயிருக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினத்தை வன்மையாகச் சொல்ல என் நாக்குக்குப் பழக்கமே இல்லை. தமிழில் சொல்லின் நடுவே உள்ள வேறுபாடு ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடையே இருப்பது: பகல், பக்கம். படம், பட்டம். அந்த இடத்தில்தான் என் மொழியும் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். யாரும் பேசாத மொழியை நான் ஒருவனாவது பேச வேண்டும் அல்லவா.

ஆகவே ஐந்தாம் விதியை ஈற்றுக்கு மட்டும் என்று குறுக்கினேன். ஈற்றுயிர் போன பிறகு சொல்லின் கடைசியில் இரட்டை மெய் நின்றால் ஒற்றையாகும். நடுவில் நின்றால் அப்படியே இருக்கும். இதனால் கிடைத்தது நான் எதிர்பார்க்காத பரிசு: பறவை மொக், பறவையை மொக்கர். பறவைகள் முக், பறவைகளை முக்கெர். உருபு சேரும்போது மெய் இரட்டிக்கிறது! வீடு வீட்டை ஆவது போலவே. எந்த விதிக்காக அறுபது வரி எழுதித் தோற்றேனோ, அது நான் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

பன்மை தொலைந்தது

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. பிறகு அ, எ, ஒ உள்ள வேர்களை ஓட்டினேன்.

நதிக்கு வேர் நல். ஒருமை நல, ஈற்றுயிர் போய் நல். பன்மை நலி, ஈற்றுயிர் போய் நல். இரண்டும் ஒன்று. பகலுக்கு வேர் நக். ஒருமை நா, பன்மையும் நா. கைக்கு வேர் தொக்: தோ, தோ. மலைக்குத் துக்: தோ, தூ. மலையும் கையும் ஒருமையில் மோதிக்கொண்டது எனக்குப் பெரிய கவலை இல்லை. எல்லா மொழியிலும் ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய்ச் சொற்கள் இருக்கும். ஆனால் பெயர்ச்சொற்களில் பாதிக்கு மேல் ஒருமை பன்மை வேறுபாடே இல்லாமல் போய்விட்டது. இறங்கக்கூடிய உயிர் இ, உ என்ற இரண்டுதான். அவை இல்லாத வேரில் பன்மையின் தடம் எதுவும் மிஞ்சவில்லை.

எளிய வழி புதிதாக ஒரு பன்மை விகுதியைக் கொண்டுவந்து ஒட்டுவது. இரண்டு நாள் அதைச் செய்தும் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் சட்டையில் வேறு துணியில் ஒட்டுப் போட்டது போல உறுத்தியது. எடுத்துவிட்டேன்.

1878-இல் ஜெர்மானிய மொழியியலாளர்கள் ஆஸ்ட்ஹாஃபும் ப்ரூக்மனும் ஒலிமாற்ற விதிக்கு விலக்கே கிடையாது என்று அறிவித்தார்கள். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னார்கள். விதி சிதைத்த இடத்தைப் பேசுபவர்கள் ஒப்புமையால் செப்பனிட்டுக்கொள்கிறார்கள், தெரிந்த வடிவத்தைப் பார்த்துத் தெரியாத வடிவத்தைச் செய்கிறார்கள் என்று. நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். நிரலுக்கு ஒப்புமை தெரியாது. பேசுபவனுக்குத் தெரியும். ஆகவே நிரலை மூடிவிட்டு, திலோ பேசும் ஒருவன் தன் காதில் என்ன கேட்பான் என்று தாளில் எழுதினேன்.

நல், நல். நலர், நலெர்.

செயப்படுபொருளில் வேறுபாடு சாகவில்லை. நலித என்பதில் நடு இகரம் பின்னால் வந்த அகரத்தால் இறங்கி எகரமாகி, சொல்லின் உள்ளே இருந்ததால் உதிராமல் தப்பியிருக்கிறது. நதியை நலர், நதிகளை நலெர். கற்களை திவெர், பறவைகளை முக்கெர். இந்த மூன்று பன்மையிலும் அந்த எகரம் கேட்கிறது. பேசுபவன் அதை எப்படிப் பிரிப்பான்? ரகரம் ‘ஐ’ உருபு மாதிரி, எகரம் ‘கள்’ மாதிரி என்றுதான் பிரிப்பான். பிறகு ரகரத்தை எடுத்துவிட்டு நலெ என்று சொல்லத் தொடங்குவான். நதிகள், நலெ. வெளியிலிருந்து ஒரு துரும்புகூடக் கொண்டுவராமல் பன்மை திரும்பிவிட்டது.

ஈற்றுயிர் கெடும் என்று விதி இருக்கும்போது இந்த எகரம் மட்டும் எப்படி நிற்கிறது? விதிக்கும் வயது உண்டு. ஈற்றுயிர் உதிர்ந்தது ஒரு காலம். அந்தக் காலம் முடிந்த பிறகு பிறந்த எகரத்தை அந்த விதி தொடாது. இதை நிரலிலும் அப்படியே வைத்தேன்: ஒலிமாற்றம் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, தனியாக ஒப்புமைக் கட்டம்.

பகலுக்கு நா. அதன் பன்மை நாஎ என்று வந்தது. இரண்டு உயிர் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கேதான் தோன்றலுக்கு இடம் வந்தது. இகர ஈகார ஐகாரத்துக்குப் பின் யகரம், மற்றவற்றுக்குப் பின் வகரம் என்ற நம் உடம்படுமெய் விதியையே எடுத்துக்கொண்டேன். இ சொல்லும்போது நாக்கு இருக்கும் இடம்தான் யகரத்தின் இடம். உ, ஒ சொல்லும்போது உதடு இருக்கும் நிலைதான் வகரத்தின் நிலை. வாய் ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே மெய் பிறந்துவிடுகிறது. பகல்கள் நாவெ, கைகள் தோவெ.

இப்போது திலோவில் இரண்டு வகைப் பெயர்ச்சொல். உயிர் மாறிப் பன்மை காட்டுபவை, எகரம் சேர்த்துப் பன்மை காட்டுபவை. எகரம் சேர்ப்பது எளிது என்பதால் அது மெல்லப் பரவும். அரிதாகப் புழங்கும் சொற்கள் முதலில் அந்தப் பக்கம் சாயும். பழைய ஆங்கிலத்தில் புத்தகம் ‘போக்’, புத்தகங்கள் ‘பேச்’. அந்தப் பேச் எப்போதோ செத்துப்போய், ‘புக்’, ‘புக்ஸ்’ ஆகிவிட்டது. பாதத்தின் ஃபீட் மட்டும் தாக்குப்பிடித்திருக்கிறது. நானும் அகராதியில் அரிய சொற்களாகப் பார்த்து இருபதைச் சாய்த்தேன். கல், மரம், பறவையைத் தொடவில்லை.

அக்காவிடம் ஒரு சோதனை

1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, ‘வக்’ என்று இல்லாத ஒரு பெயரையும் சொல்லி, இப்போது இரண்டு இருக்கின்றன, என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்கும் குழந்தைகள் சரியாகப் பன்மை சொன்னார்கள். என் மொழிக்கும் அந்தச் சோதனை வைக்க ஆசைப்பட்டேன். அக்காவுக்கு மொழியியல் தெரியாது, பொறுமை உண்டு.

ஐந்து இணைகளைச் சொல்லிக்காட்டினேன். தெவ், திவ். மொக், முக். லோ, லூ. நல், நலெ. நா, நாவெ. இரண்டு முறை கேட்டாள். பிறகு, நூலுக்கு ஸெம், நூல்கள்?

“ஸிம்.”

சரி. வேர் ஸிம்தான். ஸர் என்றேன். “ஸரெ” என்றாள், யோசிக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இறகுக்கு மெல், இறகுகள்?

“மில்.”

அகராதியில் அது மெலெ. மெல்லின் வேரில் இருப்பது ஆதியிலிருந்தே எகரம், இகரம் இறங்கி வந்த எகரம் இல்லை. ஸெம் என்பதன் எகரமும் மெல் என்பதன் எகரமும் வேறு வேறு ஊற்றிலிருந்து வந்து கலந்தவை.

“அது மெலெ அக்கா” என்றேன்.

“தெவ்னா திவ், ஸெம்னா ஸிம். அப்ப மெல்லுனா மில்தானடா? இது மட்டும் எதுக்கு வேற?”

தாய்நிலையை எடுத்து விளக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பேசுகிறவர் யாருக்குத் தாய்நிலை தெரியும்? அவள் காதில் விழுந்தது ஒரே எகரம். அதை வைத்து அவள் செய்தது சரியான ஒப்புமை. நிரலில் நான் தனியாகக் கட்டம் வைத்து எழுதிய அந்த வேலையை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டாள். நானோ எளிய பக்கம்தான் சொற்கள் சாயும் என்று நினைத்திருந்தேன். இவள் ஒரு சொல்லை எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறாள்.

அன்றிரவு அகராதியில் மெல் என்ற பதிவுக்கு நேரே இருந்த மெலெ-யை அடித்துவிட்டு மில் என்று எழுதினேன். செயப்படுபொருள் பன்மை மெலெர் மட்டும் பழையபடி இருக்கிறது. அதை இன்னும் அக்காவிடம் கேட்கவில்லை.